என் மகள் கேட்ட ஜப்பான் பாட்டுகள்

இதை எழுத உட்கார்ந்து, எழுதாமலே எழுந்து போன வருஷங்கள் பல. ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றவள் நான். பெண்கள் ஐக்கியத்தில் ஜெபக் குறிப்பு எழுதியிருக்கிறேன், அக்காவுக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன், அவ்வளவுதான் என் எழுத்து. ஆனால் தயக்கம் படிப்பினால் மட்டும் வந்ததல்ல. நான் எதைச் சொன்னாலும் அதை எடுத்து வேறு பக்கம் திருப்பிவிடுகிறவர்களைக் கண்ணால் பார்த்துவிட்டேன். வாயைத் திறக்காமல் இருந்தால் திருப்புவதற்கு அவர்களுக்கு ஒன்றும் கிடைக்காது என்று நினைத்தேன். அதுவும் உதவவில்லை. நான் பேசாமல் விட்ட இடத்தையெல்லாம் அவர்களே நிரப்பிக்கொண்டார்கள்.

உங்கள் போனுக்கும் அந்தச் செய்தி வந்திருக்கலாம். ஜப்பான் பிசாசுப் பாட்டைக் கேட்டுக் கேட்டு ஒரு பெண் குரலை இழந்தாள், பெற்ற தாயை நாய் என்று ஏசிக்கொண்டே செத்தாள், ஆகையால் பெற்றோரே, பிள்ளைகளின் போனை வாங்கிப் பாருங்கள் என்று இருக்கும். கூடவே ஒரு சின்ன வீடியோ. அதில் மெலிந்த ஒரு பெண் தோள் குலுங்க உட்கார்ந்திருப்பாள். அவள் என் மகள். அந்தத் தாய் நான். அவள் என்னை ஏசவில்லை, யாரையுமே ஏசவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். அவள் கேட்ட பாட்டுகளைப் பற்றியும் எழுதவேண்டியிருக்கிறது. ஒரு பிள்ளை என்னிடம் கேட்டது, என்னால் பதிலை முடிக்க முடியவில்லை.

எங்கள் வீடு பாளையங்கோட்டையில். என் வீட்டுக்காரர் ஜங்ஷன் பக்கம் ஒரு பாத்திரக் கடையில் நிற்கிறவர். குடத்தை விரலால் சுண்டி, ஓசையைக் கேட்டே அது எந்தச் சரக்கு என்று சொல்லிவிடுவார். மகள் பாடும்போது கதவில் சாய்ந்து நின்று கேட்டுவிட்டு, "வெங்கலம்" என்பார். அதற்கு மேல் பாராட்ட அவருக்குத் தெரியாது. அவள் எங்கள் சபையின் பாடகர் குழுவில் சோப்ரானோ. பாட்டு உயரே போகும் இடத்தில் மற்றப் பிள்ளைகள் கழுத்தை நீட்டுவார்கள். இவள் கண்ணை மட்டும் மூடிக்கொள்வாள்.

கட்டியை முதலில் பார்த்தது டாக்டர் இல்லை. கிறிஸ்துமஸ் ஆராதனைக்குப் பாடகர் குழுவுக்கு ஜாக்கெட் தைக்கிற அம்மா, அளவு எடுக்கும்போது நாடாவைக் கழுத்திலேயே நிறுத்தி, "என்ன மக்கா, இங்கன ஒரு வீக்கம் இருக்கு?" என்று கேட்டாள். அப்போது மகள் கல்லூரியில் இரண்டாம் வருஷம். அந்த ஜாக்கெட்டை அவள் போட்டுப் பாடவே இல்லை.

டாக்டர் எதையும் மறைக்கவில்லை. கட்டி குரல் நரம்பைச் சுற்றிக்கொண்டிருக்கிறது, நரம்பை விட்டுவிட்டுக் கட்டியை மட்டும் எடுக்க முடிந்தால் எடுப்பேன், முடியாவிட்டால் உயிரைத்தான் பார்ப்பேன் என்று முன்னாலேயே சொன்னார். மகள்தான் தலையை ஆட்டிக் கையெழுத்துப் போட்டாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் வாயிலிருந்து காற்று மட்டும் வந்தது. காதைப் பக்கத்தில் கொண்டுபோனால் அந்தக் காற்றுக்குள் வார்த்தை இருக்கும்.

சில ஞாயிற்றுக்கிழமைகள் பாடகர் குழு வரிசையிலேயே போய் உட்கார்ந்து வாயை மட்டும் அசைத்தாள். யாரும் எழுந்து போ என்று சொல்லவில்லை. ஒருநாள் ஆராதனை தொடங்குமுன் அவளாகவே இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அன்று பாட்டு வந்தபோது என்னாலும் பாட முடியவில்லை.

அதன்பிறகு ஒரு மத்தியானம். நான் அடுக்களையில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தேன். உள்ளே இருந்து பெண்குரலில் பாட்டு வந்தது, உயரமாக, சுத்தமாக. ஆண்டவரே என்று கத்திக்கொண்டு மீன் கையோடு ஓடினேன். அவள் கட்டிலில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாடியது போன்.

என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. பாட்டை நிறுத்திவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"யாருட்டி பாடுதது?"

"யாருமில்லம்மா."

"யாருமில்லாம எங்கனயிருந்து பாட்டு வருது?"

"ஜப்பான்காரங்க செஞ்சது. வார்த்தையும் மெட்டும் எழுதிக் குடுத்தா கம்ப்யூட்டர் பாடும். இதுக்குத் தொண்டையே கெடையாதும்மா. அதான் கேக்கேன்."

அப்போதுதான் கையில் மீன் இருப்பது நினைவுக்கு வந்தது. போய்க் கையைக் கழுவினேன்.

உண்மையைச் சொன்னால் அந்தக் குரல் முதலில் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மூச்சு வாங்காத குரல் அது. நாலு பேர் பாட வேண்டிய வேகத்தில் ஒருத்தியே பாடுவாள், எச்சில் விழுங்கமாட்டாள். ஆனால் கேட்கக் கேட்க ஒரு வார்த்தை என் காதில் பிடிபட ஆரம்பித்தது. எந்தப் பாட்டை எடுத்தாலும் வரியின் கடைசியில் "தாய்" என்று இழுத்தது. என் பிள்ளை தாயைப் பற்றிய பாட்டாகத் தேடித் தேடிக் கேட்கிறாள் என்று எனக்குள் ஒரு குளிர்ச்சி. பாத்திரம் தேய்க்கும்போது அந்த இடம் வந்தால் தண்ணீரை நிறுத்திவிட்டுக் கேட்பேன்.

ஒருநாள் கேட்டேவிட்டேன். "ஏட்டி, ஜப்பான்காரனுக்கும் தாய்னா தாய்தானா?"

அவள் சிரித்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் சிரிப்பில் சத்தம் இல்லை, தோள் மட்டும் குலுங்கும். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, என் காதுக்குப் பக்கத்தில் வந்தாள்.

"தாய்னா ஆசைம்மா. சாப்பிடணும்னு ஆசைன்னா தாபேத்தாய். ஒன்னயப் பாக்கணும்னு ஆசைன்னா ஐத்தாய். எதுக்குப் பின்னால ஒட்டினாலும் அது வேணும்னு அர்த்தம்."

"அப்போ நாய், நாய்னும் பாடுதாளே, அது என்னது?"

"அது இல்லைம்மா."

"எது இல்லை?"

"நாய்னாதான் இல்லை. இல்லைங்கிறதுக்கு நாய்."

சாயங்காலம் அவர் வந்ததும் சொன்னேன். சட்டையைக் கழற்றிக்கொண்டே, "சரியாத்தான் வச்சிருக்கான். கடையில கேக்கதுக்கெல்லாம் இனி நாய்னு சொல்லிர வேண்டியதுதான்" என்றார். மகளுக்கு மறுபடியும் தோள் குலுங்கியது. கட்டி வந்த பிறகு நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து சிரித்தது அன்றுதான்.

பிறகு அவள் அந்தக் குரலை எங்கள் வீட்டுக்கே பேச வைத்துவிட்டாள். போனில் அதற்கென்று ஒரு செயலி. ஒரு சின்ன மெட்டை வைத்துக்கொண்டு அதில் தமிழை எழுதுவாள். குளிக்கும் அறைக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு "அம்மா காப்பி, அம்மா காப்பி" என்று ஜப்பான்காரியைப் பாடவைப்பாள். அந்தக் குரலுக்கு லகரம் வராது, எல்லாம் ரகரம். ழகரம் கிட்டவே வராது. "ஏளா, இவளுக்கு நம்ம சண்டே ஸ்கூல்ல ஒரு சீட்டு போடு" என்பார் அவர். இப்படி ஒரு மாதிரி வாழப் பழகியிருந்தோம். கட்டி வேறு இடத்துக்குப் போயிருக்கிறது என்று ஸ்கேனில் வந்தது அதற்கப்புறம்தான். நுரையீரல்.

என் வீட்டுக்காரரின் அக்கா, என் மதினி, தங்கமானவள். ஸ்கேன் சேதி கேட்டதும் உபவாசம் இருந்தாள். எங்கள் சபையைச் சேராத ஒரு ஊழியக்காரரை ஒரு சனிக்கிழமை காலையில் வீட்டுக்கு அழைத்து வந்தாள். ஜெபிக்க வருகிறவரை வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், இன்றும் சொல்லமாட்டேன். கூடவே மதினியின் ஜெபக் கூட்டத்தார் கொஞ்சம் பேர் வந்தார்கள். ஒருவர் போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார், வெளிநாட்டில் இருக்கிறவர்களும் சேர்ந்து ஜெபிக்கட்டும் என்று.

ஊழியக்காரர் அன்பாகத்தான் ஆரம்பித்தார். "பாப்பா சும்மா இருக்கும்போது என்ன செய்யுதா?" என்று கேட்டார்.

மதினி முந்திக்கொண்டாள். "எந்நேரமும் காதுல மாட்டிக்கிட்டு ஏதோ கேக்கா ஐயா. நமக்கு ஒண்ணும் வெளங்கல."

"கேப்போமே," என்று போனை வாங்கி, காதில் மாட்டும் வயரைப் பிடுங்கினார். அவள் பாதி கேட்டு நிறுத்தியிருந்த பாட்டு வெளியே கேட்டது. அந்தப் பாட்டு எனக்குத் தெரியும். முதல் பாதி முழுக்க "கியேத்தாய், கியேத்தாய்" என்று வரும். மறைஞ்சு போகணும் போல இருக்கு என்று அர்த்தம். பாதிக்கு அப்புறம் "கியேத்தக்குநாய்" என்று மாறும். மறைஞ்சு போக ஆசை இல்லை என்று அர்த்தம். அவர் கேட்டது இரண்டும் சேருகிற அந்த நடு இடம். தாய், தாய், நாய் என்று வந்ததும் நிறுத்திவிட்டார்.

"கேட்டியளா?" என்று எல்லாரையும் பார்த்தார். "தாயை என்ன சொல்லுதுன்னு கேட்டியளா?"

கூட்டத்தில் "ஐயோ" என்றார்கள். மதினி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். என் மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யாருக்குத்தான் வராது? தோள் குலுங்கக் குலுங்க உட்கார்ந்திருந்தாள். அவர் கையை அவள் தலைமேல் வைத்து, "தாயை நாய் என்கிற ஆவியே, குலுங்குகிற ஆவியே" என்று சத்தமாக ஜெபிக்கத் தொடங்கினார். கூட்டமும் கூடச் சேர்ந்தது.

நான் எழுந்து நின்று சொன்னேன். "ஐயா, அவ சிரிக்கா. நாய்னா அவுங்க பாஷையில இல்லைன்னு அர்த்தம்."

அவர் கண்ணைத் திறந்தார். "அப்போ தாய் இல்லைங்குது. பெத்தவ உயிரோட நிக்கும்போதே தாய் இல்லைங்குது!"

"தாய்னா ஆசை ஐயா."

"ஆசை. மாம்சத்தின் ஆசை," என்றார் கூட்டத்தைப் பார்த்து.

அதற்குமேல் நான் என்ன சொன்னாலும் அதுவே எனக்கு எதிராகத் திரும்பிவரும் என்று தெரிந்தது. மகள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அந்தச் சத்தத்தில் அவள் காற்று யாருக்குக் கேட்கும்? "பாருங்க, குரலை அது எடுத்துக்கிடுச்சு," என்றார் ஒருவர். அவள் போனைத் திரும்ப எட்டி வாங்கினாள். என்னிடம் காப்பி கேட்கிற அதே மெட்டில் எழுத்துகளைத் தட்டினாள். போன் பாடியது: "பிசாசு இர்ரை, கட்டி. பிசாசு இர்ரை, கட்டி."

அந்தக் குரல் தமிழ் பேசியதுதான் தாமதம், இரண்டு பெண்கள் அலறிக்கொண்டு வாசலுக்கு ஓடினார்கள். ஒருத்தியின் கைப்பிள்ளை மட்டும் கை தட்டிச் சிரித்தது. என் மகள் அந்தப் பிள்ளையைப் பார்த்தாள். அப்புறம் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

என் வீட்டுக்காரர் கடைக்குப் போயிருந்த நேரம் அது. விஷயம் கேள்விப்பட்டு வந்தவர் ஊழியக்காரருக்குக் காப்பி கொடுத்து, பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பினார். மதினி வாசலிலேயே நின்றாள்.

"ஏலே தம்பி, நான் நல்லதுக்குத்தான்லே கூட்டியாந்தேன்."

"தெரியும்க்கா."

"பிள்ளை பொழச்சிக்கிட்டா போதும்னுதான்லே."

"தெரியும்க்கா. பைய போ, வெயிலா இருக்கு."

அன்றிலிருந்து அவர் கடையில் எந்தக் குடத்தையும் சுண்டிப் பார்ப்பதில்லை என்று முதலாளி எனக்குச் சொன்னார்.

கடைசி நாட்கள் ஆஸ்பத்திரியில். அவளுக்கு மூச்சு கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. காதில் மாட்டுவதில் ஒன்றை அவள் காதிலும் மற்றதை என் காதிலும் வைப்பாள். ஒரு மத்தியானம், நர்ஸ் வந்து போனபின், "என்ன மக்கா வேணும்?" என்று கேட்டேன். தண்ணீர் கேட்பாள், காலைப் பிடிக்கச் சொல்லுவாள் என்று நினைத்தேன். அவள், "இகித்தாய்" என்றாள்.

எனக்கு அந்த வார்த்தை தெரியும். மறைஞ்சு போகணும் பாட்டின் கடைசி வரி அது. வாழணும் என்று அவளே எனக்கு அர்த்தம் சொல்லியிருந்தாள். "வாழ்வ மக்கா, வாழ்வ. ஆண்டவர் கைவிடமாட்டார்" என்றேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் காலையில் அவர் கீழே காப்பி வாங்கப் போயிருந்தபோது போய்விட்டாள்.

அடக்கத்தில் பாடகர் குழு பாடியது. ஒரு சோப்ரானோ குறைந்து பாடியது. எங்கள் சபைப் போதகர் ஐயர் நல்ல வார்த்தைகள் சொன்னார். பாட்டைப் பற்றி அங்கே யாரும் பேசவில்லை. ஆனால் கல்லறைத் தோட்டத்தில் மண் போடும்போது பின்னால் குசுகுசு என்று ஒரு சத்தம் இருந்தது. அது என்னவென்று பிற்பாடு என் போனுக்கே வந்தது, எங்கள் பெண்கள் ஐக்கியத்தின் குழுவிலேயே. அனுப்பியவள் சபைக்குப் புதிதாக வந்தவள், அது என் பிள்ளை என்று அவளுக்குத் தெரியாது. வீடியோவில் என் மகள் சிரிக்கிற இடம் மட்டும் வெட்டி எடுக்கப்பட்டிருந்தது. நான் எழுந்து நின்று பேசியது இல்லை. "கட்டி" என்று போன் பாடியது இல்லை.

அதற்கப்புறம் அந்தச் செய்தி கைமாறக் கைமாற மாறியது. ஒன்றில் அவள் ஹாஸ்டலில் இருந்தாள். ஒன்றில் மாடியிலிருந்து குதித்தாள். ஒன்றில் அவளுக்கு ஊர் சாத்தான்குளம். நாங்கள் அந்த ஊரில் ஒரு கல்யாணத்தில் சாப்பிட்டது தவிர வேறு தொடர்பு இல்லை. ஊர்ப் பெயர் கதைக்குப் பொருத்தமாக இருக்கிறது என்று யாரோ போட்டிருக்கிறார்கள். அந்த ஊர் ஜனங்கள் என்ன பாவம் செய்தார்கள்?

நான் இதை எழுதத் துணிந்தது ஒரு பஸ் பயணத்தினால். சீவலப்பேரியில் என் அக்காவைப் பார்க்க டவுன் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு அம்மாள், ஜன்னல் ஓரம் அவள் மகள், கல்லூரிப் பையோடு. பிள்ளையின் முகம் வெளியே திரும்பியிருந்தது. அந்த அம்மாள் பேச ஆள் கிடைக்காமல் இருந்தவள் போல என் பக்கம் திரும்பினாள்.

"இந்தக் காலத்துப் பிள்ளைகளை நம்ப முடியலக்கா. நேத்துதான் இவ போனைப் பிடுங்கி அலமாரியில வச்சுப் பூட்டினேன்."

"ஏம்மா, என்னத்துக்கு?"

"ஜப்பான் பாட்டு கேக்கா. மிஷின் பாடுத பாட்டு. ஒங்களுக்குத் தெரியாதா? சாத்தான்குளத்துல ஒரு பொண்ணு அதைக் கேட்டு, பெத்த தாயை நாய் நாய்னு ஏசிக்கிட்டே செத்துப்போச்சுக்கா. வீடியோ இருக்கு, காட்டவா?"

"வேண்டாம்மா. நான் பாத்திருக்கேன்."

"பாத்தியளா? எப்பிடிக் குலுங்குதா! பிசாசேதான்."

கண்டக்டர் விசில் ஊதினார். வயல் காற்று உள்ளே வந்தது. நான் ஜெபித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தேன். "அந்தப் பொண்ணு எம் பொண்ணும்மா. அவ சிரிச்சா. அவளுக்குக் கழுத்துல கட்டி."

அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். கோபமில்லை, இரக்கம்தான் இருந்தது. "இல்லக்கா. அது வேற பொண்ணாயிருக்கும். அவ சாத்தான்குளத்துக்காரி. நீங்க பிள்ளையப் பறிகொடுத்த மனசுல கொழப்பிக்கிடுதிய."

பெற்றவள் நான். என் பிள்ளை என் பிள்ளை இல்லை என்று எனக்கு ஆறுதல் சொல்லுகிறாள்.

ஜன்னலோரப் பிள்ளை மட்டும் திரும்பிப் பார்த்தது. அவர்கள் இறங்கும் இடம் வந்து, அம்மா பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனதும், என் முழங்கையைத் தொட்டு, "அந்த அக்கா எந்தப் பாட்டெல்லாம் கேப்பாங்க? எது நல்லாருக்கும்?" என்று கேட்டது. "ரயில்கேட் பாட்டு" என்றேன். மேலே சொல்லுமுன், "ஏட்டி, எறங்குதியா இல்லியா!" என்று சத்தம் வந்தது. பிள்ளை இறங்கிவிட்டது.

அந்தப் பிள்ளைக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே சொல்கிறேன். மற்ற பிள்ளைகளும் கேட்டுக்கொள்ளலாம். பாட்டுகளின் ஜப்பான் பெயர் என் நாக்கில் நிற்காது. அவள் வைத்த பெயர்கள்தான் தெரியும். அர்த்தமும் அவள் சொன்னதுதான்.

ரயில்கேட் பாட்டை முதலில் கேள். டிங் டிங் என்று மணி அடித்துக்கொண்டே இருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளை ஒருத்தி அடைத்த கேட்டுக்கு முன்னால் நிற்கிறாள், ரயில் வரவே இல்லை, கேட்டும் திறக்கவில்லை, அதற்குள் பெரியவளாகிவிடுகிறாள். எங்கள் ஊர் குலவணிகர்புரம் ரயில்வே கேட்டில் காத்து நின்றிருக்கிற எவருக்கும் விளங்கும் என்பாள் மகள். பரீட்சைக்குப் படித்து அலுத்துப்போனவர்களுக்கு அது ஏற்றது.

மூச்சு விடாத பாட்டு என்று ஒன்று. வேகம் என்றால் அப்படி ஒரு வேகம். அர்த்தம் பெரிதாக ஒன்றுமில்லை, அலமாரியில் காணாமல் போன சாமானையெல்லாம் ஒருத்தி தேடுகிறாள். வீடு பெருக்கும்போது கேட்கலாம். ஆஸ்பத்திரியில் என் காதில் ஒன்றும் அவள் காதில் ஒன்றுமாக அதிகம் கேட்டது இதைத்தான். அவளுக்கு மூச்சு இல்லாத நாளில் மூச்சே வேண்டாத ஒருத்தி பாடுவது பிடித்திருந்தது போல. எனக்கு இப்போது கேட்க முடிவதில்லை.

ஆளில்லாக் கடைப் பாட்டு சாதுவானது. ஜப்பானில் காசு போட்டால் குளிர்பானம் தள்ளுகிற பெட்டி தெருவுக்குத் தெரு உண்டாம். அந்தப் பெட்டி தன்னிடம் வருகிற எல்லாருக்கும் நன்றி சொல்லுகிறது, யாரும் அதற்குப் பதில் சொல்வதில்லை. கடையில் நிற்கிறவர் என்பதால் அப்பாவுக்கு அதைப் போட்டுக் காட்டினாள். அவர் கேட்டுவிட்டு வெளியே போய்விட்டார்.

வாயில்லாதவள் பாட்டு என்று ஒன்று, அந்தக் குரலே தன்னைப் பற்றிப் பாடுவது. நீ எழுதிக் கொடுக்காவிட்டால் எனக்கு வாய் இல்லை, நீ மறந்துவிட்டால் நான் பாடியதும் இல்லை என்று பாடுகிறாள். ஊரை விட்டு, வீட்டை விட்டு இருக்கிற பிள்ளைகள் கேட்டால் நெஞ்சு அடைக்கும். தெரிந்துகொண்டு கேள்.

கடைசியாக, மறைஞ்சு போகணும் பாட்டு. எல்லாரும் பயப்படுவது இதைப் பார்த்துத்தான். என் மகள் தன் சிநேகிதிகளுக்குச் சொன்னதையே சொல்கிறேன். தனியாக இருக்கும்போது கேட்காதே. பாதியில் நிறுத்தாதே. முதல் பாதி ஒரு பிள்ளையின் மனதில் உள்ள இருட்டை இருக்கிறபடியே சொல்லும். ஜெபமும் அப்படித்தானே தொடங்குகிறது? அழுது முடிக்காத ஜெபத்தின் நடுவில் ஒருவர் எழுந்து போய்விட்டால் அவருக்கு அழுகைதான் மிச்சம். அந்தப் பாட்டைக் கடைசிவரை கேட்டவர்களுக்கு வேறு வார்த்தை கிடைக்கும். இன்னொன்று நானாகச் சொல்வது. உனக்கே மறைந்து போகத் தோன்றினால் பாட்டை வைத்துவிட்டு, வீட்டிலோ கல்லூரியிலோ ஆஸ்பத்திரியிலோ உயிருள்ள ஒருவரிடம் போய் வாயைத் திற. பாட்டு உன் கூட உட்கார்ந்திருக்கும். எழுந்து போய் ஆள் கூட்டி வராது.

பெற்றோருக்கும் ஒன்று. போனைப் பூட்டுகிறவர்கள் பூட்டுங்கள், உங்கள் பிள்ளை. பூட்டுவதற்கு முன் ஒரு பாட்டை முழுதாகக் கேட்டு, இது என்ன அர்த்தம் மக்கா என்று ஒரு தடவை கேளுங்கள். எனக்கு என் மகளோடு கிடைத்த நல்ல பேச்சு பூராவும் அந்தக் கேள்வியினால் கிடைத்தது.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதை எழுதவா வேண்டாமா என்றுதான் இத்தனை நாள் பேனா நின்றது.

பாடகர் குழுவில் ஆல்ட்டோ பாடிய அவள் சிநேகிதி ஒருத்தி, ஜப்பானில் முதியோரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்காக அந்தப் பாஷையை முறையாகப் படித்தாள். புறப்படுமுன் சொல்லிக்கொண்டு போக வந்தாள். நான் அவளிடம் பெருமையாக, கடைசியில் அவள் வாழணும் என்றுதான் சொன்னாள் என்றேன். என்ன வார்த்தை என்று கேட்டாள். இகித்தாய் என்றேன். அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டது.

"என்னட்டி?"

"ஒண்ணுமில்ல அத்தை."

"சொல்லு மக்கா. எதுவானாலும் சொல்லு."

"வாழணும்னாலும் இகித்தாய்தான் அத்தை. போகணும்னாலும் இகித்தாய்தான். எழுத்து வேற, சத்தம் ஒண்ணு. பேசும்போது குரல் ஏறி எறங்குறத வச்சுத்தான் கண்டுபிடிக்கணும்."

என் மகளுக்கு ஏறி இறங்கக் குரல் இல்லை. காற்றுதான் இருந்தது.

இதை விட்டுவிட்டு எழுதியிருக்கலாம். வாழணும் என்று சொன்னாள் என்று எழுதினால் எல்லாருக்கும் நன்றாக இருக்கும். போகணும் என்று சொன்னாள் என்று தெரிந்தால் அந்தச் செய்தியை அனுப்புகிறவர்களுக்குக் கொண்டாட்டம். எனக்கு எது என்று தெரியாது. வலியில் இருக்கிற பிள்ளை இரண்டையும் கேட்டிருக்கலாம். நான் ஒன்றுக்கு மட்டும் பதில் சொன்னேன். மற்றதைக் காதில் வாங்கியவரும் ஒருவர் மேலே உண்டு என்று நம்பி முழங்காலில் நிற்கிறேன். சில நாள் அந்த நம்பிக்கை என்னைத் தாங்குகிறது, சில நாள் தாங்குவதில்லை.

வாசித்தவர்களே, உங்களுக்கு ஒரு விண்ணப்பம். இதை நாலு பேருக்கு அனுப்பினால் ஆசீர்வாதம் வரும், அனுப்பாவிட்டால் கேடு வரும் என்றெல்லாம் நான் சொல்லமாட்டேன். மனமிருந்தால் அனுப்புங்கள், அந்த வீடியோ போன இடமெல்லாம் இதுவும் போகட்டும். ஆனால் அனுப்புவதானால் இருக்கிறபடியே அனுப்புங்கள். நீளம் என்று குறைக்காதீர்கள். எங்களுக்கு வேறு ஊர் கொடுக்காதீர்கள். அந்த ஊழியக்காரரை நான் எழுதியதைவிடக் கெட்டவராக்காதீர்கள், என் மகளை நான் எழுதியதைவிட நல்லவளாக்காதீர்கள். அவள் சொன்ன கடைசி வார்த்தைக்கு இரண்டு அர்த்தம் எழுதியிருக்கிறேன். உங்களுக்குப் பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடாதீர்கள். பெற்ற எனக்கே அந்த உரிமை இல்லை.